மேற்குக் கரையில் பதினேழு நாள்: போகும் முன் யாரும் எனக்குச் சொல்லாதவை

2024 ஒக்டோபரில் இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பலஸ்தீனத்து மேற்குக் கரையின் தெற்கு மூலையில், ஹெப்ரோனுக்குக் கீழே மஸாஃபர் யாட்டா என்ற மலைப் பகுதியில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில் தங்கப் போனேன். எட்டு வாரம் நிற்பதாகத்தான் திட்டம். நின்றது பதினேழு நாளும் ஓர் இரவும். கையை விட்டுப் போனது 7,500 கனடிய டொலருக்கு மேல், அதோடு சம்பளமில்லாத இரண்டு மாத லீவு. காசு போனதை ஒருவாறு மறந்துவிட்டேன். ஒரு பெடியனின் கையில் என்னால் விலங்கு விழுந்ததைத்தான் மறக்க முடியவில்லை. போகும் முன் இதைப் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் ஆட்களில் இன்னும் நாலு பேராவது இப்படிப் போக யோசித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வேலை என்று சொல்ல வேண்டும். நான் இதை உடனிருப்பு என்று சொல்வேன். கையில் ஆயுதம் இல்லை, அதிகாரம் இல்லை, நிவாரணப் பொருள்கூட இல்லை. அச்சுறுத்தலுக்குள் வாழும் குடும்பத்தோடு வெளிநாட்டவர் ஒருவர் கூடவே இருப்பது, அவ்வளவுதான். அடிக்க வருகிறவன் கை ஓங்குமுன் ஒரு கணம் யோசிப்பான்: இதைப் பார்க்க ஒருத்தி நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் ஒரு தூதரகம் இருக்கிறது. அந்த ஒரு கணம்தான் நாங்கள் கொண்டுபோகும் சரக்கு. இது புதிய விசயமும் இல்லை. 1981இல் தொடங்கிய பீஸ் பிரிகேட்ஸ் இன்டர்நேஷனல் குவாத்தமாலாவில் காணாமல் போனவர்களின் தாய்மாரோடு கூட நடந்தது. 1989 முதல் 1998 வரை இலங்கையிலும் உயிரச்சுறுத்தல் இருந்த வழக்கறிஞர்களோடு அவர்களின் தொண்டர்கள் போய் வந்தார்கள். நொன்வயலன்ட் பீஸ்ஃபோர்ஸ் தன்னுடைய முதல் களப்பணியை 2003இல் தொடங்கியதே இலங்கையில்தான், மூதூரில் அவர்களுக்கு ஓர் அலுவலகம் இருந்தது. பலஸ்தீனத்தில் உலகத் திருச்சபைகள் மன்றம் 2002 முதல் ஆட்களை அனுப்பி வருகிறது.

நான் ஏன் போனேன் என்றால், 2008 செப்டெம்பர் 16. அப்போது எனக்குப் பதினேழு வயது. வன்னியை விட்டு வெளியேறும்படி அரசாங்கம் சொன்னதால் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியில் இருந்து புறப்பட்டார்கள். அவர்களின் வாசலில் சனம் நின்று போகாதேயுங்கோ என்று கெஞ்சியது. நானும் அம்மாவும் அந்தக் கூட்டத்துக்குள் நின்றோம். எங்களுக்குச் சாப்பாடு தாருங்கோ என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இருந்து பாருங்கோ என்றுதான் கேட்டோம். பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2012இல் ஐ.நா.வின் உள்ளக ஆய்வு அறிக்கையே அதைத் தோல்வி என்று எழுதியது. வெளியாள் ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கு என்ன பெறுமதி என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டுதான் விண்ணப்பம் போட்டேன். அந்த நினைப்பே பிறகு எனக்கு எதிராக வேலை செய்தது.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்காமல் விட்ட கேள்விகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிராமம் அழைத்துத்தான் இந்தக் குழு போகிறதா, அல்லது தானாகப் போகிறதா? களத்தில் இறுதி முடிவு யாருடையது? இரவு இரண்டு மணிக்குப் போன் எடுத்தால் எடுக்கிற ஆள் யார், அவருக்கு ஹீப்ரு தெரியுமா? வழக்கறிஞர் முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறாரா, நான் பிடிபட்டால் அவருடைய கட்டணம் யார் தலையில்? திரும்பி வந்த பிறகு என்னோடு யாராவது உட்கார்ந்து கதைப்பார்களா? என்னைச் சேர்த்துக்கொண்ட குழு நல்ல மனசுக்காரர்களின் குழு. ஆனால் கடைசி இரண்டு கேள்விகளுக்கும் அவர்களிடம் பதில் இருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓகஸ்டில் டிக்கெட் போட்டேன். செப்டெம்பர் 6ஆம் தேதி நப்லஸுக்குப் பக்கத்தில் பெய்த்தா என்ற ஊரில், என்னைப் போலவே தொண்டராக வந்த 26 வயது அமெரிக்கப் பெண் அய்ஷெனூர் எஸ்கி எய்கி தலையில் சுடப்பட்டு இறந்தார். தங்கள் சூடு தவறுதலாகப் பட்டிருக்க மிகவும் சாத்தியம் என்று இஸ்ரேல் இராணுவம் சொன்னது. 2003 மார்ச்சில் காசாவின் ரஃபாவில் இஸ்ரேல் இராணுவ புல்டோசருக்கு முன்னால் நின்று செத்துப்போன அமெரிக்கத் தொண்டர் ரேச்சல் கொரியைப் பற்றி எனக்கு முன்பே தெரியும், ஆனால் அது பழைய கதை என்று மனசு ஒதுக்கி வைத்திருந்தது. அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "உனக்கு ஏதும் நடந்தால் ஆருக்கு அறிவிக்க வேணும், பாஸ்போர்ட் நகல் எங்கே, எல்லாத்தையும் எழுதி வை" என்றார். நான் பெற்ற ஆலோசனைகளில் அதுதான் மிக உபயோகமானது. வெளியுறவுத் துறையின் அவசர இலக்கம், எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகம், வழக்கறிஞர், குழுவின் பொறுப்பாளர், எவ்வளவு நேரம் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற ஒழுங்கு, எல்லாம் ஒரே தாளில். எங்களைக் காப்பாற்றுவது பாஸ்போர்ட் என்று சொல்வார்கள். அந்தப் பாஸ்போர்ட்டுக்காகப் போன் எடுக்க வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அது வெறும் புத்தகம்தான்.

அடுத்தது காசு. ஒக்டோபர் 1ஆம் தேதி இரவு ஈரான் இஸ்ரேல்மீது ஏவுகணைகளை அனுப்பியது. என்னுடைய விமானம் 3ஆம் தேதி. ரத்தானது. மலிவு என்று ஓர் இடைத்தரகு இணையத்தளத்தில் போட்ட டிக்கெட், 1,640 டொலர். விமான நிறுவனம் தளத்தைக் கைகாட்டியது, தளம் நிறுவனத்தைக் கைகாட்டியது, இன்றுவரை ஒரு சதமும் திரும்பவில்லை. இப்படியான பயணத்துக்கு டிக்கெட்டை நேரடியாக விமான நிறுவனத்திடம், தேதி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். கூடக் கொடுக்கும் இருநூறு டொலர் வீண்செலவு இல்லை. ஜோர்தான் வழியாகப் போகப் புதிதாக 2,110 டொலருக்கு அம்மான் டிக்கெட் எடுத்தேன். காப்புறுதிக்கு 286 டொலர் கட்டியிருந்தேன். உங்கள் அரசாங்கம் போக வேண்டாம் என்று எச்சரித்துள்ள இடத்துக்குப் போனால் பெரும்பாலான சாதாரணப் பயணக் காப்புறுதி செல்லாது என்பது அந்தப் பத்திரத்தின் நடுப்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. பத்தாம் நாள் இரவுக் காவலில் கல் சறுக்கிக் கணுக்கால் பிரண்டு, பக்கத்து நகரமான யாட்டாவில் எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பில்லை அனுப்பிய பிறகுதான் அந்த வரியை நான் வாசித்தேன். போர்ப் பகுதிகளுக்கென்றே தனிக் காப்புறுதி உண்டு. விலை கூடத்தான். அது கட்டுப்படியாகாவிட்டால் பயணம் கட்டுப்படியாகாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோர்தானில் இருந்து மேற்குக் கரைக்குள் நுழையும் எல்லைப் பாலத்தில் இஸ்ரேல் அதிகாரிகள் என்னை நாலரை மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். எங்கள் பெயர் முறை அங்கே ஒரு பிரச்சினை என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. என் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். அப்பாவின் குடும்பப் பெயர் அவருடைய அப்பாவின் பெயர். அப்படியானால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே குடும்பமா என்று இளம் அதிகாரி ஒருத்தி திரும்பத் திரும்பக் கேட்டாள். அதை விளங்கப்படுத்தவே இருபது நிமிடம். பொறுமையாகச் சொல்லுங்கள், எரிச்சல் காட்டாதீர்கள், பொய் சொல்லாதீர்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் ஏழு பொய் வேண்டும், நாலு மணித்தியாலத்துக்கு அது தாங்காது. போனைத் திறந்து காட்டச் சொல்லலாம் என்பதால் கிராமத்து ஆட்களின் இலக்கங்களோ படங்களோ அதில் இருக்கக் கூடாது. இது உங்களுக்காக இல்லை, அவர்களுக்காக. 2025 ஜனவரியில் இருந்து விசா தேவைப்படாத நாட்டவர்களும் முன்கூட்டியே இணையத்தில் அனுமதி எடுக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். அந்த மலைப் பகுதி 1980களின் தொடக்கத்தில் 918ஆம் இலக்கச் சூட்டுப் பயிற்சிப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. 2022 மே மாதம் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அங்குள்ளவர்களை வெளியேற்ற வழிவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், தலைமுறையாக ஆடு மேய்க்கிறவர்கள், குகைகளைக் குடைந்து வீடாக்கி வாழ்பவர்கள். 1990களில் இஸ்ரேலும் பலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட ஒஸ்லோ உடன்படிக்கையின்படி அது "சி" பகுதி, மேற்குக் கரையின் ஏறத்தாழ 60 வீதம் அப்படித்தான், முழுக் கட்டுப்பாடும் இஸ்ரேலிடம். கட்டட அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு, அனுமதியில்லாமல் கட்டினால் இடிப்பார்கள். ஒரே குன்றில் நிற்கும் யூதக் குடியேறிக்கு, அதாவது அந்த நிலத்தில் வந்து குடியிருப்பு அமைத்த இஸ்ரேலியருக்கு, இஸ்ரேலின் சிவில் சட்டம், பக்கத்தில் நிற்கும் பலஸ்தீனருக்கு இராணுவச் சட்டம். துபா என்ற ஊர்ப் பிள்ளைகள் அத்-துவானிப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது கூடப்போன வெளிநாட்டுத் தொண்டர்கள் 2004இல் அடிபட்டார்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கு இராணுவமே வழித்துணை போக வேண்டி வந்தது. கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒருவர் வாங்கிய அடி, பிள்ளைகளுக்கு ஒரு வழியைத் திறந்திருக்கிறது. பயிற்சியில் இதைத்தான் மனசில் ஏற்றிக்கொண்டேன். "குடும்பம் சொல்லாமல் நீ வாய் திறக்காதே" என்பதையும் சொன்னார்கள். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

நாட்கள் மெதுவாகத்தான் போகும். காலையில் ஆட்டோடு போக வேண்டும், மத்தியானம் வெயிலில் சும்மா இருக்க வேண்டும், இரவில் முறை வைத்துக் காவல். எனக்கு விழுந்தது இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை. எதிர்க் குன்றில் குடியேறிகள் போட்டிருந்த கொட்டகையின் விளக்கு விடிய விடிய எரியும். சத்தம்தான் எல்லாம். நாய் ஒரு மாதிரிக் குரைத்தால் நரி, இன்னொரு மாதிரிக் குரைத்தால் ஆள். வீட்டுக்காரி முதல் நாளே சேஜ் இலை போட்ட தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு நாய்ப் பாடம் எடுத்தார். 2023 ஒக்டோபருக்குப் பிறகு குடியேறிகள் பலர் உள்ளூர்ப் பாதுகாப்புப் படையில் சேர்க்கப்பட்டுச் சீருடையோடு வருகிறார்கள். வருகிறவன் இராணுவமா பக்கத்துக் குன்றுக்காரனா என்று எனக்கு ஒருநாளும் பிரித்தறிய முடியவில்லை. வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், பெயர் சொல்லியே சொல்வார்கள்.

என் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் இருந்த ஜெர்மன்காரி தூரத்தில் தெரிந்தாலே வண்டி வேகம் குறையும். என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. தலையில் துணியோடு வெயிலில் கறுத்து நின்றால் அந்த வீட்டுப் பிள்ளைதான். பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டும்வரை துப்பாக்கி என் பக்கம்தான் இருந்தது. இந்த வேலையே உலகத்தில் சில உயிருக்கு விலை கூட, சிலதுக்குக் குறைவு என்ற அநியாயத்தின்மேல்தான் நிற்கிறது. எனக்கு அது கோபம்தான், ஆனால் களத்தில் அந்தக் கோபத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. எங்களைப் போன்றவர்கள் பாஸ்போர்ட்டைக் கழுத்தில் போடுங்கள், வெளிநாட்டவர் என்று தெரியும்படி மேலங்கி அணியுங்கள், கையை உடனே சட்டைப்பைக்குள் விடாதீர்கள். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோடு போக நினைப்பவர்கள், பிரச்சினை என்றால் தூதரகம் தங்களுக்காக வாய் திறக்குமா என்று நேர்மையாக யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

பதினேழாம் நாள் காலை ஏழு மணிபோல எதிர்க் குன்றில் இருந்து ஓர் ஆட்டு மந்தையை இறக்கி, வீட்டுக்காரரின் ஒலிவ் கன்றுகளுக்குள் விட்டார்கள். மூன்று வருடக் கன்றுகள், என் இடுப்பளவுகூட இல்லை. ஆடுகள் பின்னங்காலில் நின்று கொழுந்தை இழுத்துத் தின்றன. வீட்டுக்காரரின் பத்தொன்பது வயது மகன் அவற்றைத் துரத்தப் போகாமல் எல்லையில் நின்று போனில் படம் எடுத்தான். நான் பக்கத்தில் நின்று எடுத்தேன். இராணுவ ஜீப் வந்தது. இது மூடப்பட்ட இராணுவப் பகுதி, பத்து நிமிடத்தில் எல்லோரும் போக வேண்டும் என்றான் ஒருவன். ஆடுகள் அப்படியே நின்றன. எனக்குள் ஏதோ அறுந்தது. உத்தரவைக் காட்டு, வரைபடம் எங்கே, கையொப்பம் எங்கே என்று சத்தம் போட்டேன். அந்தப் பெடியன் என் கையைப் பிடித்து, "போதும் அக்கா" என்பதுபோல ஏதோ அரபியில் சொன்னான். நான் நிறுத்தவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் கண்ணுக்கு முன்னால் நின்றது அந்தச் சிப்பாய் இல்லை, வேறு ஆமிக்காரன், வேறு வீதி. சிப்பாய் என்னை ஒன்றும் செய்யவில்லை. என்னைத் தாண்டிப் போய் அவனைப் பிடித்து, பிளாஸ்டிக் விலங்கு போட்டு, கண்ணைக் கட்டி ஜீப்பில் ஏற்றினான்.

உத்தரவைக் கேட்பது தவறில்லை. உத்தரவு இருந்தால் அதில் வரைபடமும் நேரமும் இருக்க வேண்டும், அமைதியாக ஒருமுறை கேட்கலாம். ஆனால் கேட்பதா, ஒதுங்குவதா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. நான் காட்டுகிற வீரத்துக்கு என்னால் விலை கொடுக்க முடியாது, என் பாஸ்போர்ட் விடாது. பக்கத்தில் நிற்கிறவன்தான் கொடுப்பான்.

அன்று பின்னேரம் வழக்கறிஞர் என் காணொளியைக் கேட்டார். ஆடுகள் கன்றைத் தின்றதும், அவன் கை வைக்காமல் எல்லையில் நின்றதும் அதில் இருந்தால் போதும் என்றார். திறந்து பார்த்தேன். முதல் நாற்பது வினாடி ஆடுகள். அதற்குப் பிறகு நாலு நிமிடம் என் சப்பாத்தும், காய்ந்த முள்ளும், என் குரலும். வாக்குவாதப்படும்போது போனைத் தொங்கப் போட்டிருக்கிறேன். அவனுடைய போனை அவர்கள் எடுத்துவிட்டார்கள். எனக்குத் தரப்பட்ட ஒரே வேலை படம் எடுப்பது.

ஆகவே படம் எடுப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போனைக் கிடையாக, இரண்டு கையாலும் பிடியுங்கள். முதல் பத்து வினாடி இடத்தை நிரூபிக்க வேண்டும்: கிணறு, மலைமுகடு, தண்ணீர்த் தாங்கி, பக்கத்துக் குடியிருப்பு, எது அசையாததோ அது. தேதி, நேரம், இடத்தை ஒருமுறை சொல்லுங்கள், அதற்குப் பிறகு வாயை மூடுங்கள். உங்கள் குரல் பதிவில் இருந்தால் மற்றவர்கள் சொன்னது கேட்காது. பெரிதாக்காதீர்கள், இடையில் நிறுத்தாதீர்கள். ஒருவர் சிப்பாயின் கையைப் பார்த்தால் மற்றவர் முழுக் களத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் முகம் வேண்டாம். பிறகு மூலக் கோப்பை வெட்டாமல் ஒட்டாமல் வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டுத்தான் மற்ற எல்லாம். வீட்டுக்காரரைக் கேட்காமல் உங்கள் பக்கத்தில் ஒரு படம்கூடப் போடாதீர்கள்.

காணொளியை வழக்கறிஞருக்கு அனுப்பிய பிறகு என்னையும் பிடித்து, காவல் நிலையத்தில் ஆறு மணித்தியாலம் வைத்து, போனைச் சாட்சிப் பொருள் என்று எடுத்துக்கொண்டு, பதினைந்து நாள் மேற்குக் கரைக்குள் கால் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையில் விட்டார்கள். நல்ல வேளையாகக் காணொளி முன்பே போய்விட்டது. வழக்கறிஞர் வரும்வரை பெயரும் பாஸ்போர்ட் இலக்கமும் தவிர ஒன்றும் சொல்லாதீர்கள், ஹீப்ருவில் எழுதிய எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். ஜெருசலேம் விடுதியில் ஓர் இரவுக்கு 130 ஷேக்கல், பதினைந்து இரவு. அந்தப் பெடியனை நள்ளிரவுக்குப் பிறகு எங்கோ ஒரு வீதியில் இறக்கிவிட்டார்கள் என்று அடுத்த நாள்தான் எனக்குத் தெரியும். அந்தப் பதினைந்து நாளும் நான் செய்த ஒரே வேலை, அந்த நாலு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான்.

தடை முடிந்ததும் என்னை மீண்டும் அங்கே விடுவதில்லை என்று குழு முடிவெடுத்தது. அது சரியான முடிவு. பையை எடுக்க ஓர் இரவு போனேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டார்கள். அவன் மணிக்கட்டில் விலங்கு இறுகிய தழும்பு வெளிறிப்போய் ஒரு நூல்போல இருந்தது. மன்னித்துக்கொள் என்று அரபியில் சொல்லப் பழகிக்கொண்டு போயிருந்தேன். சொன்னேன். அவன் என் புதுப் போனை வாங்கி, கிடையாகத் திருப்பி, இப்படிப் பிடி என்று காட்டினான். காலையில் வான் வந்தபோது வீட்டுக்காரி ரொட்டியைத் துணியில் சுற்றித் தந்துவிட்டு, தண்ணீர் பவுசர் வந்துவிட்டது என்று ஓடினார். வாகனத்தை யாரும் மறிக்கவில்லை. 2008இல் அந்த வாகனங்களுக்குள் இருந்தவர்கள் எங்கே பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நான் பதினாறு வருடம் யோசித்திருக்கிறேன். நான் என் கையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் எழுந்து உட்காருவேன். வன்னியில் இருந்து வந்தவர்கள், பழைய காயம் ஆறாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், அப்படியானால் எங்களில் யாரும் போக முடியாது. ஆனால் போகும் முன்பே ஓர் உளவள ஆலோசகரிடம் போய், எந்தச் சத்தம், எந்தச் சீருடை உங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் என்று கதைத்து வையுங்கள். குழுவுக்கும் சொல்லுங்கள். நான் மறைத்தேன், சேர்க்கமாட்டார்கள் என்ற பயத்தில். 2025 வசந்த காலத்தில் வேறு ஊருக்குப் போக 1,780 டொலருக்கு மீண்டும் டிக்கெட் எடுத்தேன். பாலத்தில் பழைய பதிவைப் பார்த்துவிட்டு அதே நாள் திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை பிடிபட்டவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இப்போது ரொறன்ரோவில் இருந்து வேறு வேலை செய்கிறேன். அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்து, நேரம், இடம், நடந்தது என்று பட்டியல் போட்டு வழக்கறிஞர்களுக்கு அனுப்புவது. ஆள் தேவைப்படுகிற வேலை, விமானம் ஏறத் தேவையில்லை. போன கிழமை அந்தப் பெடியன் அனுப்பியது பதினொரு நிமிடம். முதலில் கிணறு, பிறகு மலைமுகடு, பிறகு அரபியில் தேதி. கை அசையவில்லை. ஆடுகள் கன்றுகளுக்குக் கீழே இருந்த சரிவோடு திரும்பிப் போகின்றன. கடைசியில் எங்கோ பின்னாலிருந்து தேத்தண்ணிக்குக் கூப்பிடும் அவன் தாயின் குரல். பட்டியலில் அதையும் எழுதினேன்: 10 நிமிடம் 48ஆவது வினாடி, தாயின் குரல்.